1,575 ரூபாய் பில்லும், காஞ்சு போன சவர்டோ பிரெட்டும்



போன மார்ச்ல என் மனைவி வேலை மாறினாங்க. பழைய கம்பெனி செட்டில்மென்ட் வர லேட், புதுக் கம்பெனி முதல் சம்பளம் அதைவிட லேட். 2 மாசம் ஒரே சம்பளத்துல ஓட்டினோம். மகளோட ஸ்கூல் ஃபீஸுக்காகப் போடுற 5,000 ரூபாய் ஆர்டி-யில 2 தவணை கட்ட முடியல. பணத்தைப் பத்தி ஊருக்கே வீடியோ போடுறவன் வீட்டுல ஆர்டி நின்னு போச்சுன்னா எப்படி இருக்கும்? வெளியில சொல்ல வெட்கமாத்தான் இருந்துச்சு.

அப்பதான் வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து வச்சு வரி வரியாப் பார்த்தோம். ஞாயிறு காலையில ஒரு கஃபேக்குப் போற பழக்கம் எங்களுக்கு இருந்தது. சவர்டோ பிரெஞ்ச் டோஸ்ட் 3 தட்டு 960, காபி 2-க்கு 340, மகளுக்கு ஹாட் சாக்லேட் 200. அதோட 5% ஜிஎஸ்டி. மொத்தம் 1,575 ரூபாய். 4 ஞாயிறுக்கு 6,300. எங்க ஆர்டி-யைவிட ஜாஸ்தி!

நிறுத்திடலாம்னு சொல்றது சுலபம். ஆனா மகளுக்கு வாரத்துல அந்த ஒரு காலைதான் அப்பா அம்மா ரெண்டு பேரும் போனைப் பார்க்காம உட்கார்ற நேரம். அதனால டோஸ்ட்டை வீட்டுக்குக் கொண்டு வர முடிவு பண்ணோம்.

கஃபேல 'பிரெஞ்ச் டோஸ்ட்'னு மெனு கார்டுல பார்த்தா பெரிய விஷயம் மாதிரி தெரியும். ஆனா நம்ம ஊர் பேக்கரிகள்ல 'பாம்பே டோஸ்ட்'னு சின்ன வயசுல சாப்பிட்டிருப்பீங்களே, அதுதான் இது. பிரான்ஸ்லயே இதுக்குப் பேரு 'பான் பெர்து'. அப்படின்னா 'வீணாப் போன ரொட்டி'. ஜெர்மனியில 'ஏழை வீரர்கள்'னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பேரு. மிச்சமான பிரெட்டைத் தூக்கிப் போட மனசு வராதவங்க கண்டுபிடிச்ச பலகாரம். அதைத்தான் நாம 320 ரூபாய்க்கு வாங்கிட்டிருந்தோம்.

சவர்டோவும் நமக்கு அந்நியம் இல்ல. கடை ஈஸ்ட் போடாம, மாவுல தானா வளர்ற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் புளிக்க வைக்கிற ரொட்டி. இட்லி மாவு ராத்திரியில பொங்குற அதே கதைதான்.

இப்ப கணக்குக்கு வருவோம். எங்க ஏரியா விலை இது, உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க. ஒரு சவர்டோ லோஃப் 240 ரூபாய், 10 ஸ்லைஸ் வரும். ஸ்லைஸ் 24 ரூபாய். 3 பேருக்கு 6 ஸ்லைஸ்னா 144. முட்டை 3, பால் 180 மில்லி, சர்க்கரை, 30 கிராம் வெண்ணெய், தேன், கொஞ்சம் பட்டைத் தூள், கேஸ் எல்லாம் சேர்த்து 68 ரூபாய். வீட்டு ஃபில்டர் காபியும் மகளுக்குப் பாலும் 30. ஆக 242. கஃபே பில்லோட வித்தியாசம் 1,333 ரூபாய்.

இதுல கவனிக்க வேண்டியது, செலவுல பாதிக்கு மேல பிரெட்தான். இதே டோஸ்ட்டை சாதாரண மில்க் பிரெட்ல பண்ணா 6 ஸ்லைஸுக்கு 18 ரூபாய்தான் ஆகும். அதனால டோஸ்ட் போடுறதுக்காகவே புது சவர்டோ வாங்காதீங்க, அது எனக்குச் சரியாப் படல. நாங்க வெள்ளிக்கிழமை வாங்குவோம், ரெண்டு நாள் சாப்பிட்டு, காஞ்சு போன மிச்சம் ஞாயிறுக்கு. குப்பைக்குப் போக வேண்டிய ஸ்லைஸா இருந்தா அதுக்குக் கொடுத்த காசு ஏற்கெனவே போயிடுச்சு. உங்க டோஸ்ட்டோட செலவு வெறும் அந்த 68 தான்.

முதல் தடவை நான் பண்ணது படு சொதப்பல். புது பிரெட், பெரிய பெரிய ஓட்டை. முட்டைக் கலவை முழுக்க ஓட்டை வழியா தவாவுல இறங்கி, கீழ ஆம்லெட், மேல பிரெட். அடுப்பை வேற பெருசா வச்சதுல வெளியில கருகி, உள்ள கூழா இருந்துச்சு. மகள் ஒரு வாய் சாப்பிட்டு, "கஃபே எப்பப்பா போவோம்?"னு கேட்டா.

இப்ப பண்றது இப்படி. சனிக்கிழமை ராத்திரியே ஸ்லைஸை ஒரு தட்டுல பரப்பி, மேல மெல்லிசா ஒரு துணி போட்டு வச்சிருவேன். ஒரு விரல் தடிமன் இருக்கணும். காலையில முட்டையை நல்லா அடிச்சு, பால், ஒன்றரை மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, பட்டைத் தூள் சேர்த்துக்கங்க. உப்பை மறந்துடாதீங்க. அகலமான தட்டுல ஊத்தி பிரெட்டை நனைக்கணும். மில்க் பிரெட் மாதிரி முக்கி எடுத்தா பத்தாது, சவர்டோ கெட்டி. பக்கத்துக்கு 3 நிமிஷம், ரொம்பக் காஞ்சிருந்தா 5 நிமிஷம். நடுவுல விரலால அமுக்கினா மெத்துன்னு இருக்கணும். தவாவுல வெண்ணெயோட அரை ஸ்பூன் எண்ணெய் விடுங்க. தீ மிதமாவும் இல்லாம, சிம்முக்குக் கொஞ்சம் மேல. பக்கத்துக்கு 4 நிமிஷம். பொறுமை இல்லைன்னா இந்த வேலையே வேண்டாம். தேன் கடைசியில மேலதான். புளிப்பு ரொட்டிக்கு அந்த இனிப்பு எப்படிப் பொருந்துதுன்னு சாப்பிட்டாதான் தெரியும்.

முட்டை சாப்பிடாதவங்க, அரை டம்ளர் பால்ல ஒரு மேசைக்கரண்டி கஸ்டர்ட் பவுடர் கரைச்சுக்கங்க. ஆனா அதுல ரொம்ப நேரம் ஊற வைக்காதீங்க.

இப்ப நான் பண்ண தப்பையும் சொல்லிடறேன். ஆரம்பிச்ச உற்சாகத்துல 1,800 ரூபாய்க்கு வார்ப்பிரும்புத் தவாவும் 900 ரூபாய்க்கு மேப்பிள் சிரப்பும் வாங்கிட்டேன். 2,700 ரூபாய்! முதல் ரெண்டு ஞாயிறோட மிச்சமே 2,666 தான். வீட்டுல இருந்த தோசைக்கல்லே போதும்னு அப்புறம்தான் புரிஞ்சது. அடுத்து, பிரெட்டையும் நாமளே சுடலாம்னு 9,000 ரூபாய் ஓடிஜி பார்த்தேன். மாவு, கரண்ட் எல்லாம் சேர்த்து லோஃபுக்கு 60 ரூபாய் ஆகும், மிச்சம் 180. அப்படின்னா 50 லோஃப் சுட்டாதான் ஓடிஜி காசு திரும்ப வரும். வாரம் ஒண்ணுன்னா கிட்டத்தட்ட ஒரு வருஷம். மனைவி என்னைப் பார்த்த பார்வையில அந்த டேபை மூடிட்டேன்.

இன்னொரு விஷயம். மிச்சமான பிரெட்டை ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, அங்க இன்னும் சீக்கிரமா விறைச்சுப் போகும். வாங்கின அன்னைக்கே ஸ்லைஸ் போட்டு, காத்துப் புகாத கவர்ல ஃப்ரீசர்ல வச்சா வாரக்கணக்குல இருக்கும். பூஞ்சை பிடிச்சிருந்தா மட்டும் சிக்கனம் பார்க்காதீங்க. அந்த இடத்தை வெட்டிட்டு சாப்பிடலாம்னு நினைப்போம், ஆனா அதோட நூல் கண்ணுக்குத் தெரியாம உள்ள ஓடியிருக்கும். முழுசாத் தூக்கிப் போட்டுடுங்க.

மே மாசம் ஆர்டி-யை அபராதத்தோட கட்டி, திரும்ப ஓட வச்சுட்டோம். முட்டை அடிக்கிறது இப்ப மகளோட டிபார்ட்மென்ட். போன ஞாயிறு டோஸ்ட் எல்லாம் முடிஞ்சு கடைக்குப் போறப்ப அந்த கஃபே வழியா நடந்தோம். "ஹாட் சாக்லேட் மட்டும் குடிக்கலாமாப்பா?"ன்னா. ஜிஎஸ்டி-யோட 210 ரூபாய். போய் உட்கார்ந்தோம்.