புகை சொன்ன சேதி



வீரபாண்டியன்பட்டினம் கரையில் என் மாமாவுக்கு ஒரு வள்ளம் இருக்கிறது. தாத்தா காலத்தில் அது பாயிலேயே ஓடியது. டீசல் எஞ்சின் பிறகு வந்தது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன தோணிகளின் கதையும் இதுதான். முதலில் பாய், அப்புறம் எஞ்சின்.

போன வருஷம் மாமா வள்ளத்தில் ஒரே கறுப்புப் புகை. டீசலும் கூடுதலாகக் குடித்தது. "எஞ்சின் போச்சுலே, வித்துரு" என்று சிலர் சொன்னார்கள். மெக்கானிக் அண்ணாச்சி மட்டும், "ரெண்டு இடத்தைப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றார். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1. புகைக்குழாய்

குழாய் வாய் தாழ்வாக இருந்தால் அலை உள்ளே ஏறி, எஞ்சினுக்குள் உப்புத்தண்ணீர் போய்விடும். பாய் விரித்தால் வள்ளம் ஒரு பக்கம் சாயும். அந்தப் பக்கம் குழாய் வாய் இருந்தால் தண்ணீருக்குள் முங்கிவிடும். அதனால் குழாயை உள்ளே மேலே உயர்த்தி வளைத்து, பிறகு வெளியே சரிவாக இறக்குவார்கள். வாயைப் பின்பக்கம் வைப்பது நல்லது. ஆனாலும் பின்காற்று அடித்தால் புகை நம்மிடமே திரும்பும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் பலமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம் வந்தால் "கடல் ஒத்துக்கலை" என்று சும்மா இருந்துவிடாதீர்கள்!

இன்னொன்று, குழாய் ஒல்லியாகவும் பல வளைவாகவும் இருந்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். அப்போதும் கறுப்புப் புகைதான்.

2. புரொப்பல்லர்

மரத்தில் ஸ்குரூ ஏறுவது போல, புரொப்பல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்தான் 'பிட்ச்'. பிட்ச் 12 அங்குலம், நிமிஷத்துக்கு 1000 சுற்று என்றால் 1000 அடி. அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர். தண்ணீர் மரம் மாதிரி கெட்டி இல்லையே, வழுக்கும். அதனால் வேகம் இதைவிடக் குறையும்.

பிட்ச் அதிகமானால் எஞ்சின் இழுக்க முடியாமல் திணறும். டீசல் முழுசாக எரியாமல் கறுப்புப் புகையாகப் போகும். பிட்ச் குறைந்தால் எஞ்சின் கத்தும், வள்ளம் நகராது. பாயில் ஓடும்போது சும்மா நிற்கும் புரொப்பல்லர் வேகத்தைப் பிடித்து இழுக்கும். இரண்டு இறக்கை என்றால் அதைச் செங்குத்தாக நிறுத்தி, முன்னால் உள்ள கட்டைக்குப் பின்னே மறைத்துவிடலாம். எப்படி நிற்கிறது என்று தெரிய ஷாஃப்டில் பெயிண்ட் அடையாளம் போடுவார்கள்.

நோய் எது?

அண்ணாச்சி கடலில் வைத்து, குழாய் மூட்டைக் கழற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டினார். புகை குறையவில்லை. அப்போ குழாய் மேல் குற்றம் இல்லை. 2000 சுற்று போக வேண்டிய எஞ்சின் முழு வேகத்திலும் 1600-ஐத் தாண்டவில்லை. மாமா பழசாக வாங்கி மாட்டிய புரொப்பல்லரின் பிட்ச்தான் அதிகம்! குறைந்த பிட்ச் மாட்டியதும் புகை நின்றது. எஞ்சினை விற்க வேண்டிய அவசியமே வரவில்லை.

ஏர் ஃபில்டர் அடைத்தாலும், அடியில் சிப்பி ஒட்டினாலும் இதே புகை வரும். ஆகவே நண்பர்களே, புகையைப் பார்த்ததும் எஞ்சினைத் திட்டாதீர்கள். ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள்!

– பதினோராம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்