செட்சி ஈக்கு எது நீலம்?

ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள பிரின்சிபி தீவின் கொக்கோ தோட்டங்களில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தொழிலாளர்களின் முதுகில் பசை தடவிய கறுப்புத் துணியைக் கட்டி வேலைக்கு அனுப்பினார்கள். தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈ, அசையும் கருமையான உருவத்தைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். ஆளையே இரையாக வைத்த அந்த முறையைப் பாராட்ட மனம் வரவில்லை; ஆனால் ஈயின் பார்வையைக் கொண்டே ஈயை ஒழிக்கலாம் என்று அது காட்டிவிட்டது. 1970-களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் உருவாக்கிய இரட்டைக் கூம்புப் பொறியில் நீலத் துணி இடம்பிடித்தது. அதிலிருந்து ‘செட்சி ஈக்கு நீலம் பிடிக்கும்’ என்பதே எங்கும் பேச்சு. அது பாதி உண்மைதான். மீதியைக் கவனிக்காமல் துணி வாங்கினால் காசுதான் வீண்.

நமக்கு நிறம் காட்டும் செல்கள் மூன்று வகை. இந்த ஈயின் கண்ணில் ஒளியுணரும் செல்கள் ஐந்து வகை, புற ஊதாவும் அதற்குத் தெரியும். துணி நீல ஒளியை நிறையத் திருப்பி அனுப்ப வேண்டும். புற ஊதாவையும் பச்சை, மஞ்சளையும் குறைவாக அனுப்ப வேண்டும். அப்போதுதான் ஈ வரும். ஆகவே நம் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு நீலத் துணிகளில் ஒன்றை ஈ நாடலாம், மற்றதைப் பொருட்படுத்தாமலே போகலாம். தாலோஜென் நீலச் சாயம் ஏற்றிய பருத்தித் துணி நன்றாக வேலை செய்தது. ஆனால் வெயிலையும் மழையையும் பாலியெஸ்டர் அளவுக்குப் பருத்தி தாங்குவதில்லை. பாலியெஸ்டரிலோ அந்தச் சாயம் பிடிக்காது. கண்ணளவில் ஒத்த நீலத்தைத் தேடாமல், ஈயின் செல்கள் எப்படித் தூண்டப்படும் என்று கணக்கிட்டார் பிரிட்டனின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தின் ரோஜர் சான்ட்டர். கணக்கு சுட்டிய நிறம் ஊதா. 2019-இல் வெளியான ஆய்வில், கென்யாவில் வைத்த ஊதா பாலியெஸ்டர் துணி, வழக்கமான நீல பாலியெஸ்டரைவிட அதிக ஈக்களை இழுத்திருந்தது.

காட்டில் நீல நிற மாடோ மானோ கிடையாதே, பிறகு நீலத்தில் ஈக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிழலென்று நினைத்து ஒதுங்க வருகிறது என்பது பழைய விளக்கங்களில் ஒன்று. 2023-இல் சான்ட்டரும் அவருடைய சக ஆய்வாளர்களும், ஈயின் கண் தரும் சமிக்ஞைகளை வைத்து விலங்கையும் இலையையும், வெயிலையும் நிழலையும் பிரித்தறியக் கணினி நரம்பு வலையைப் பழக்கினார்கள். நீலப் பொருளை அது நிழல் என்று சொல்லவில்லை. விலங்கு என்றே பெரும்பாலும் ஏமாந்தது. கணினி ஏமாந்தால் ஈயும் ஏமாறும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கள அனுபவத்தோடு இது பொருந்துகிறது. இலையிலிருந்து பச்சையும் மஞ்சளும் தூக்கலாக வரும். விலங்கின் தோலில் அப்படி இல்லை. நீலத் துணி அந்த வேறுபாட்டைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. நம் தோட்டங்களில் தொங்கும் மஞ்சள் ஒட்டுப்பொறியில் வெள்ளை ஈ அப்புவதும் இதன் மறுபக்கம்தான்: சாறு உறிஞ்சும் பூச்சி இலையைத் தேடுகிறது, இரத்தம் குடிக்கும் ஈ இலை அல்லாததைத் தேடுகிறது. இரண்டுக்கும் பசிதான் காரணம், ரசனை அல்ல.

வாசனை போதாதா என்றால், புல்வெளி வகை செட்சி ஈக்களுக்குப் போதும். அசிட்டோனும் மாட்டு மூத்திர வாடையும் அவற்றை நன்றாகவே இழுக்கும். ஆனால் மனிதருக்குத் தூக்க நோயைப் பெருமளவில் பரப்பும் ஆற்றங்கரை வகைகளை வாடை அவ்வளவாக அசைப்பதில்லை. அங்கே நிறமே கதி. அங்கே நடுவது இவ்வளவுதான்: 25 செ.மீ. சதுர நீலத் துணி, பக்கத்தில் அதே அளவு கறுப்பு வலை, இரண்டிலும் பூச்சிமருந்து. நீலத்தை நோக்கி வரும் ஈ அதைச் சுற்றிப் பறக்கும்போது கண்ணில் படாத வலையில் மோதிச் சாகிறது. இவ்வளவு எளிய பொருள் பலன் தரக் காரணம் ஈயின் இனப்பெருக்கம்: பெண் ஈ ஒன்பது, பத்து நாளுக்கு ஒரே ஒரு புழுவை ஈனும். தினமும் கூடுதலாகச் சில சதவீதம் செத்தாலே கூட்டம் கரையும். நூற்றுக்கணக்கில் முட்டையிடும் வீட்டு ஈயிடம் இந்த வித்தை பலிக்காது.

நோய் குறைந்தது பரிசோதனையாலும் மருந்தாலும்தான், துணியால் அல்ல என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. 1998-இல் 40,000-ஐ நெருங்கிய நோயாளிகளின் பதிவுகள் 2018-இல் ஆயிரத்துக்குக் கீழ் இறங்கியதில் பெரும்பங்கு மருத்துவக் குழுக்களுடையது. ஆனால் பரிசோதனைக்கு வராத நோயாளியிடமிருந்து ஈ கிருமியை எடுத்துச் செல்வதை மாத்திரை தடுக்காது. சாட் நாட்டின் மாண்டூல் பகுதியில் 2014-இல் இந்தச் சிறு துணிகளைச் சிகிச்சையோடு சேர்த்து நட்டார்கள். தூக்க நோய் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக அங்கே இல்லை என்று சாட் நாட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் 2024-இல் சான்றளித்தது. வெள்ளம் அடித்துப்போகும், மருந்தின் வீரியம் மாதங்களில் தீரும், ஆகவே துணியை மீண்டும் மீண்டும் நட்டாக வேண்டும். ஒவ்வொரு முறையும் எந்தச் சாயம் என்பதைக் கடைக்காரரின் நீலத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது.