மாசாய் மாராவும் மஞ்சள் புத்தகமும்

கூடாரத்துக்குள்ளேயே குளியல் தொட்டி அமைத்து, விடியுமுன் காப்பி கொடுத்து எழுப்பி, சிங்கத்தையும் யானைக் கூட்டத்தையும் காட்ட அழைத்துச் செல்லும் கென்யாவின் மாசாய் மாரா உல்லாச விடுதிகளுக்கு, நம் குடும்பங்கள் சிராங்கூன் சாலையில் ஆயிரக்கணக்கான வெள்ளி கட்டிப் புறப்படுவதைக் காண எனக்குச் சந்தோஷமே. ஆனால், பயணத்துக்கு மூன்று நாள் இருக்கையில், “மஞ்சள் காமாலை ஊசிதானே, எப்போதோ போட்டாயிற்று” என்று அவர்கள் சொல்லக் கேட்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது.

மஞ்சள் காமாலை வேறு. மஞ்சள் காய்ச்சல் வேறு. முன்னதற்குப் போட்ட ஊசி பின்னதற்கு எள்ளளவும் பிரயோஜனப்படாது. மஞ்சள் காய்ச்சலைப் பரப்ப வல்ல ஏடிஸ் கொசு நம் அடுக்குமாடி வீட்டுப் பூந்தொட்டித் தட்டிலேயே வாசம் செய்கிறது. ஆதலால், கென்யா, உகாண்டா முதலிய தேசங்களில் இருந்துவிட்டு ஆறு நாளைக்குள் சிங்கப்பூர் வந்திறங்கும் ஒரு வயதுக்கு மேற்பட்ட எவரும், இந்நாட்டுக் குடிமக்களேயாயினும், தடுப்பூசிச் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்றும், இல்லாதவரை ஆறு நாள்வரை தனிமைப்படுத்தலாம் என்றும் விதி இருக்கிறது. நைரோபியிலிருந்து நேரே சென்னைக்குப் போய் உறவினரைப் பார்த்து வரலாம் என்று எண்ணுவோருக்கும் விலக்கில்லை. இந்தியாவும் அதே சான்றிதழைக் கேட்கிறது.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனியுங்கள். இந்த ஊசியை எல்லாக் கிளினிக்கிலும் போடமாட்டார்கள். அதற்கென்று நியமிக்கப்பட்ட நிலையங்களிலேயே போடுவார்கள். தேக்காவுக்கு அதிகத் தொலைவில்லாத டான் டோக் செங் மருத்துவமனையின் பயணிகள் கிளினிக் அவற்றுள் ஒன்று. முன்பதிவு செய்துகொண்டு, கடப்பிதழைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சான்றிதழாகிய சிறிய மஞ்சள் புத்தகத்தை எழுதிக் கொடுத்ததும், நாற்காலியை விட்டு எழுமுன், வரி வரியாகப் படியுங்கள். எஸ்/ஓ, டி/ஓ என்னும் சேர்க்கை உட்பட உங்கள் பெயர் கடப்பிதழில் உள்ளபடியே இருக்கிறதா, பிறந்த தேதியும் கடப்பிதழ் எண்ணும் சரியா, ஊசி போட்ட தேதி, மருந்தின் தொகுதி எண், மருத்துவர் கையொப்பம், நிலையத்தின் முத்திரை எல்லாம் உள்ளனவா என்று பாருங்கள். முத்திரை விழாத புத்தகம் வெறுங்காகிதம்.

முதன்முறை போட்டுக்கொள்பவருக்கு, ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே சான்றிதழ் செல்லும். முந்தின நாள் ஓடுவதில் பயனில்லை. பத்து நாள் வேண்டும். வலுவிழக்கச் செய்த உயிர்க்கிருமியால் ஆன மருந்தாதலால், அறுபது வயதைத் தாண்டியவர்களும், கர்ப்பிணிகளும், முட்டை ஒவ்வாதவர்களும், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களும் பணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். 2016 ஜூலை 11 முதல் இச்சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். பழைய புத்தகத்தில் பத்தாண்டு என்று எழுதியிருந்தாலும், யாரும் உங்களை மறுபடி ஊசி போடச் சொல்ல நியாயமில்லை.

கூடாரத்தின் மெத்தையைப் பக்கம் பக்கமாக வர்ணிக்கும் பயண முகவர்கள், மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டும் என்னும் ஒரு வரியை ஏன் அச்சிடுவதில்லை? அதிகாரிகளும், இணையத்தில் அறிவித்துவிட்டோம் என்று இராமல், முகவரின் ரசீதிலேயே தமிழிலும் அதை அச்சிடச் செய்யலாகாதா?

இன்னொன்று, யானைமுடி மோதிரம். திருஷ்டிக்கு நல்லதென்று நம்மவர் அங்கே அதை வாங்கி விரலில் போட்டுக்கொண்டே திரும்புகிறார்கள். கென்யாவின் யானை, அருகிவரும் உயிரினங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் மிகக் கடுமையான முதற் பட்டியலில் இருக்கிறது. அதன் முடியும் யானையின் உறுப்பே. தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி இங்கே கொண்டுவருவது குற்றம். தந்தத்தை உள்நாட்டில் விற்பதே 2021 செப்டம்பர் 1 முதல் தடையாகிவிட்டது. கடைக்காரர் தரும் ரசீது அனுமதிப் பத்திரமாகாது, மோதிரத்தை வாங்காதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, முன்பணம் கொடுக்குமுன் முகவருக்குச் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் உண்டா என்று அதன் பட்டியலிற் பாருங்கள். சொன்ன விடுதியைத் தராமல் வேறிடத்தில் தங்கவைத்தால், ரசீது, பயண நிரல், குறுஞ்செய்திகள், அங்கே எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றோடு சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 20,000 வெள்ளிவரை, இருதரப்பும் எழுத்து மூலம் சம்மதித்தால் 30,000 வெள்ளிவரை, கோரலாம்; வழக்கறிஞர் வேண்டியதில்லை. கெடு இரண்டு வருஷம். மஞ்சள் புத்தகம் இல்லாமல் நீங்களே தடைப்பட்டு நின்றால், அந்த நஷ்டத்துக்கு முகவரைப் பொறுப்பாக்குவது எளிதன்று. ஆகவே அதைப் பெட்டியில் வைக்காமல், கடப்பிதழோடு சேர்த்துக் கைப்பையில் வையுங்கள்.