மதர்போர்டு பேட்டரி: மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை

கணினியை அணைத்த பிறகும் அதற்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நொடிக்கு 32,768 முறை அதிரும் சிறிய குவார்ட்ஸ் படிகம்தான் அதன் ஆதாரம். மின்சாரம் இல்லாத நேரத்தில் இந்தக் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் பதிந்திருக்கும் வட்டமான 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியில் கடிகாரத்தோடு பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் நிரல்) அமைப்புகளும் இப்படிப் பேட்டரியின் தயவில்தான் நிலைத்திருந்தன.

மேசைக் கணினியின் பிளக் செருகி, சுவர் சுவிட்சும் போட்டிருந்தால், கணினி அணைந்திருந்தாலும் பவர் சப்ளையிலிருந்து வரும் சிறு மின்னோட்டமே கடிகாரத்துக்குப் போதும். பேட்டரிக்கு வேலை இல்லை. சுவர் சுவிட்சையும் அணைக்கும் வீடுகளில் அது இரவெல்லாம் உழைக்கிறது. அதனால்தான் ஒரே நாளில் வாங்கிய இரண்டு கணினிகளில் ஒன்றின் பேட்டரி முன்னதாகவே தீர்ந்துபோகிறது.

பேட்டரி தளர்ந்ததை முதலில் காட்டிக்கொடுப்பது தேதி. ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் பல ஆண்டுகள் பின்னே போய் நிற்கும். தேதி தவறினால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும்; பழுது இணைய இணைப்பில் என்று நினைத்துப் பலர் அலைவது இதனால்தான். சில கணினிகள் எஃப்1 விசையை அழுத்தச் சொல்லி நின்றுவிடும்.

ஆனால் நேரம் தவறுவதெல்லாம் பேட்டரியின் குற்றமல்ல. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினியில் நேரம் சரியாக ஐந்தரை மணி விலகினால், ஒன்று இந்திய நேரத்தையும் மற்றது உலகப் பொது நேரத்தையும் கடிகாரத்தில் எழுதுகிறது என்று பொருள். அமைப்பை மாற்றினால் போதும்.

சோதிக்கும் வழி எளிது. பயாஸில் நேரத்தைச் சரியாக வைத்து, கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி ஓர் இரவு விட வேண்டும். மறுநாள் விண்டோஸுக்குப் போகாமல் நேரே பயாஸில் பார்க்க வேண்டும். விண்டோஸ் இணையத்திலிருந்து நேரத்தைத் திருத்திக் குறையை மறைத்துவிடும். நேரம் பின்தங்கியிருந்தாலோ தேதி அழிந்திருந்தாலோ சந்தேகம் பேட்டரி மீதுதான்.

மல்டிமீட்டர் இருந்தால் டிசி 20 வோல்ட் அளவில் வைத்துப் பார்க்கலாம். புதிய பேட்டரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். லித்தியம் பேட்டரியின் மின்னழுத்தம் ஆயுளின் பெரும்பகுதியில் அதிகம் இறங்காது, கடைசியில்தான் சரியும். ஆகவே 2.8-க்குக் கீழே வந்தாலே மாற்றிவிடுவது நல்லது.

பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருப்பது சிஆர்2032: விட்டம் 20 மி.மீ., தடிமன் 3.2 மி.மீ. கடையில் சிஆர்2025 கொடுத்தால் வாங்கக் கூடாது. தடிமன் குறைவதால் பிடியில் சரியாக உட்காராது. மடிக்கணினிகள் சிலவற்றில் ஒயரோடு கூடிய பேட்டரி இருக்கும். சிலவற்றில் தனிப் பேட்டரியே இராது. மாற்றுவதற்கு முன் பயாஸ் அமைப்புகளைப் படமெடுத்து வைக்க வேண்டும். வட்டுக்கு விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியும் கையில் இருக்கட்டும்.

கழற்றிய பேட்டரியின் இரு பக்கத்திலும் டேப் ஒட்டி, மின்கழிவில் சேர்க்கும்வரை குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தீர்ந்த பேட்டரியானாலும், குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும்.