இருபது சொட்டு ஒரு எம்.எல். ஆகுமா?

ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு. மருந்துக் கடையில் கேட்டாலும் நர்ஸிங் பாடநூலைப் புரட்டினாலும் இந்தக் கணக்குதான் கிடைக்கும். தண்ணீருக்கு, அதுவும் அதற்கென்று செய்த முனையில், இது சரி. எல்லா மருந்துக்கும் இதையே போட்டால் ஆபத்து.

முனையில் தொங்கும் திரவத்தைப் பரப்பு இழுவிசை பிடித்து வைத்திருக்கிறது; எடை அதை மிஞ்சியதும் சொட்டு விழுகிறது. முனை அகலமானால் சொட்டும் பெரிதாகும். ஆல்கஹாலின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பதால் டிங்சர் வகைகளில் சொட்டு மிகச் சிறியது. இந்தக் குழப்பம் பொறுக்காமல்தான் 1809-இல் லண்டன் மருந்து நூல் சொட்டுக்குப் பதிலாக 'மினிம்' என்ற அளவைக் கொண்டுவந்தது.

குளுக்கோஸ் ஏற்றும்போது இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. சாதாரண டிரிப் செட்டில் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு. 15, 10 விழும் செட்டுகளும் உண்டு. குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60. அரை லிட்டரை 4 மணி நேரத்தில் ஏற்ற, 20 சொட்டு செட்டில் நிமிடத்துக்கு 42 சொட்டு ஓட வேண்டும். அதே 42-ஐ மைக்ரோ செட்டில் ஓடவிட்டால் பாட்டில் காலியாகப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கும் பிள்ளைக்கு அந்தத் தாமதம் தாங்காது. மாறாக, மைக்ரோ செட்டுக்குரிய 125 சொட்டைச் சாதாரண செட்டில் விட்டால் அரை லிட்டரும் 80 நிமிடத்தில் உள்ளே போய்விடும். இதய நோயாளிக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்பது செட்டின் உறையிலேயே அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கும் நர்ஸுகள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

வீட்டில் கவனம் வேண்டியது குழந்தைகளின் காய்ச்சல் மருந்தில். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 100 மி.கி.; 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள சிரப்பில் அது வெறும் 25 மி.கி.தான். சிரப் தீர்ந்துவிட்டதென்று சொட்டு மருந்தை அதே ஸ்பூனில் கொடுத்தால் நான்கு மடங்கு மருந்து போகும். டாக்டர் 'பத்துச் சொட்டு' என்றால், எத்தனை மி.லி. என்று கேட்டு சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பாட்டிலோடு வந்த பில்லரை வேறு மருந்துக்கு மாற்றாதீர்கள். அது தொலைந்தால் மி.லி. கோடு போட்ட, ஊசியில்லாத சிரிஞ்ச் போதும். இன்சுலின் சிரிஞ்ச் மட்டும் வேண்டாம். அதன் கோடுகள் யூனிட் கணக்கு.