வர மறுத்த இக்னிஷன் சுவிட்ச்: துருவா, பூட்டா?

பெரியப்பாவின் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரை ஆறு மாதமாகப் பிரித்துப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்ஜின் இறங்கிவிட்டது, சீட் வெளியே வந்துவிட்டது, கதவுகள் சுவரோரம் நிற்கின்றன. இவ்வளவும் வந்த வண்டியில், கட்டைவிரல் நீளமுள்ள ஒரு இக்னிஷன் சுவிட்ச் மட்டும் மூன்று வாரம் வர மறுத்தது. அதைக் கழற்றின கதைதான் இது. ஆனால் ஹெரால்டுக்கு மட்டும் இல்லை, லூகாஸ் சுவிட்ச் மாட்டிய அந்தக் கால பிரிட்டிஷ் கார் எதுவாக இருந்தாலும் ஏறக்குறைய இதேதான்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்ட் கார்தான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் தயாரானது. 948 சிசி இன்ஜின், மொத்தமாக முன்பக்கம் சாயும் பானட், இத்தாலிக்காரர் மிச்செலோட்டி வரைந்த உடம்பு. நாலு கதவு வைத்த ஹெரால்ட் இங்கே மட்டும்தான் வந்தது.

மெக்கானிக் அண்ணன் சுவிட்சைப் பார்த்ததுமே தீர்ப்பு சொல்லிவிட்டார். "டிரில் போட்டு எடுத்துரலாம் சார். புதுப்பேட்டைல வேற சுவிட்ச் கிடைக்கும், மாட்டிட்டுப் போயிட்டே இருக்கலாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பெரியப்பா வண்டியைக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். வண்டி ஓடாமல் நின்ற 22 வருஷமும் பீரோவில் வைத்திருந்த சாவியை என் கையில் கொடுத்து, "என்ன வேணா மாத்திக்கோப்பா. ஆனா இந்தச் சாவிலதான் ஸ்டார்ட் ஆகணும்" என்றார். டிரில் போட்டால் அந்தச் சாவிக்கு வேலை போய்விடும்.

எது சிக்கியிருக்கிறது?

"சுவிட்ச் வரல" என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் மூன்று தனித்தனி விஷயம் இருக்கிறது. டேஷ்போர்டுக்கு முன்னால் சுவிட்சைப் பிடித்திருக்கும் வளைய நட் ஒன்று. சாவி நுழைகிற பூட்டு உருளை இரண்டாவது. பின்னால் ஒயர் மாட்டியிருக்கும் சுவிட்ச் உடம்பு மூன்றாவது. நட் சிக்கினால் காரணம் பெரும்பாலும் துரு. உருளை வரவில்லை என்றால் காரணம் துருவாகத்தான் இருக்கணும் என்று இல்லை. இது தெரியாமல்தான் முதல் வாரம் முழுக்க வீணடித்தேன்.

முதலில் பேட்டரி

எதைத் தொடுவதற்கு முன்னாலும் பேட்டரியைக் கழற்றுங்கள். பாடியோடு சேரும் எர்த் கேபிளை முதலில் எடுக்கணும். அப்போதுதான் ஸ்பேனர் தப்பித்தவறி பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். அதனால் பிளஸ், மைனஸ் குறியை நம்பாமல், எந்த கேபிள் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. லூகாஸ் வயரிங்கில் பிரவுன் ஒயர் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது. சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் கரண்ட் இருக்கும், நடுவில் ஃபியூஸ் கிடையாது. அது பாடியில் உரசினால் ஒயரே சூடேறிப் பழுத்து எரியும்.

வெள்ளை ஒயர் சுவிட்சிலிருந்து காயிலுக்குப் போவது. வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டது ஸ்டார்ட்டருக்கு. புத்தகத்தில் இது சுலபம். நான் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தபோது எல்லா ஒயரும் பிரவுனாக இருந்தது! அழுக்கும் வயசும் சேர்ந்து வெள்ளையைப் பழுப்பாக்கிவிட்டது. டெர்மினல் பக்கத்து உறையைப் பின்னால் தள்ளினால், உள்ளே மூடியிருந்த ஒரு சென்டிமீட்டரில் பழைய நிறம் அப்படியே இருந்தது. ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எழுதி, போட்டோ எடுத்த பிறகே கழற்றினேன்.

மாற்றி மாட்டினால் என்ன ஆகும்? காயிலுக்குப் போகும் வெள்ளையைத் தப்பாக நேர் கரண்ட்டோடு சேர்த்துவிட்டால், வண்டி நிற்கும்போதும் இக்னிஷன் ஆனிலேயே இருக்கும். பாயிண்ட் மூடிய நிலையில் இருந்தால் காயில் வழியே 4 ஆம்பியர் அளவுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ராத்திரியோடு பேட்டரி காலி, காயில் சூடேறிப் போகும், பாயிண்ட்டும் கருகும். ஒர்க்‌ஷாப்பில் "டைரக்ட்" கொடுத்துவிட்டு மறந்துபோகிற வண்டிகளின் கதி இதுதான்.

நட்: இது துருப் பிரச்சினை

வளைய நட்டில் இரண்டு வெட்டு இருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டுவதுதான் எல்லோரும் செய்வது. குரோம் பூச்சு போய்விடும், வழுக்கினால் டேஷ்போர்டிலும் கோடு விழும். நான் அதே விட்டத்தில் ஒரு துண்டு இரும்புக் குழாய் வாங்கி, முனையில் இரண்டு பல் விட்டு மிச்சத்தை அரத்தால் ராவி எடுத்தேன். துரு இளக்கும் எண்ணெயை மூன்று நாள் காலையும் மாலையும் ஒரு சொட்டு விட்டேன். நாலாவது நாள் பின்னாலிருந்து சுவிட்ச் உடம்பைப் பிடித்துக்கொண்டு திருப்பியதும் அசைந்தது. பின்னால் பிடிக்காமல் திருப்பினால் சுவிட்சும் சேர்ந்து சுற்றி ஒயரை முறுக்கிவிடும்.

உருளை: இது பூட்டுப் பிரச்சினை

சுவிட்ச் கைக்கு வந்துவிட்டது. உள்ளே இருக்கும் உருளை வரவில்லை. எண்ணெய் விட்டேன். வெந்நீரில் சூடு காட்டினேன். கடைசியில் சாவியைப் பிளையரால் பிடித்து இழுத்தேன். சாவி லேசாக முறுக்கிக்கொண்டது. பெரியப்பாவின் முகம் ஞாபகம் வந்தது, நிறுத்திவிட்டேன்.

அப்போதுதான் யோசித்தேன். இது திருடனைத் தடுக்கச் செய்த சாமான். இழுத்தால் வந்துவிடும் என்றால் அதற்குப் பெயர் பூட்டா?

உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு ஸ்பிரிங்கோடு இருக்கின்றன. சாவி இல்லாதபோது அவை துருத்திக்கொண்டு உறையின் பள்ளத்தில் மாட்டியிருக்கும். சரியான சாவி போனால் எல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும், உருளை சுற்றும். இதைத் தவிர, உருளை வெளியே வராமல் தடுக்க ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன முளை தனியாக உண்டு. அதை அமுக்குவதற்காகவே சுவிட்ச் உடம்பின் பக்கவாட்டில் ஒரு பொடித் துளை விட்டிருக்கிறார்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால்தான் முளை அந்தத் துளைக்கு நேராக வரும். துளையோ டேஷ்போர்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

அதாவது உருளையைக் கழற்ற இரண்டு தகுதி வேண்டும்: கையில் சாவி இருக்கணும், சுவிட்சின் பின்பக்கம் கை போகணும். வண்டியின் சொந்தக்காரனுக்கு இரண்டும் இருக்கும், அவசரத்தில் வந்த திருடனுக்கு இருக்காது. மூன்று வாரம் நான் துரு என்று நினைத்துப் போராடியது, தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த ஒரு பூட்டோடு.

என் சுவிட்சில் அந்தத் துளை அழுக்கில் அடைந்து கண்ணுக்கே தெரியவில்லை. மண்ணெண்ணெயும் பல் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்ததும் தெரிந்தது. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றின் முனையை ராவி ஒல்லியாக்கி, சாவியை ஆனில் வைத்து, உள்ளே விட்டு அமுக்கினேன். சாவியை இரண்டு விரலால் இழுத்தேன். சத்தமே இல்லாமல் உருளை வெளியே வந்துவிட்டது.

பலம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த உறைகள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. வளையாது, நேராக விண்டுபோகும். அப்புறம் டிரில்தான் வழி.

மாட்டுவதற்கு முன்

உருளையைக் கழுவிக் காயவைத்து, பென்சில் கிராஃபைட் தூள் மட்டும் போட்டேன். கிரீஸ் வேண்டாம், தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். பின்பக்கக் கான்டாக்ட் சரியா என்று பார்க்க, 12 வோல்ட் பேட்டரியோடு ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பை இந்தச் சுவிட்ச் வழியாக எரியவிட்டேன். சுமார் 4½ ஆம்பியர், காயில் இழுப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சுவிட்சின் இரண்டு டெர்மினலுக்கு நடுவே வோல்ட் பார்த்தால் பூஜ்யத்தை ஒட்டி இருக்கணும். எனக்கு முதலில் 1.1 வந்தது. கான்டாக்ட்டைச் சுத்தம் செய்து சாவியை ஐம்பது தடவை திருப்பிய பிறகு 0.1. முதல் அளவோடு மாட்டியிருந்தால் சுவிட்ச் சூடாகியிருக்கும்.

சாவி தொலைந்த வண்டியாக இருந்தால்? உருளை முகத்தில் நம்பர் இருக்கிறதா பாருங்கள். பிரிட்டிஷ் கார்களில் பரவலாக வந்த எஃப்எஸ் வரிசை 876-ல் தொடங்கி 955-ல் முடிகிறது, மொத்தம் 80 சாவிதான். நம்பர் தெரிந்தால் சாவி செய்துவிடலாம். டிரில்லுக்கு முன்னால் ஒரு பூட்டுக்காரரைப் பார்ப்பது நல்லது.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்திருந்தார். இன்ஜின் இன்னும் ஏறவில்லை. டேஷ்போர்டில் சுவிட்சும் ஒரு சிவப்பு விளக்கும் மட்டும் மாட்டி வைத்திருந்தேன். முறுக்கியிருந்த சாவியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே விட்டுத் திருப்பினார், விளக்கு எரிந்தது. அணைத்துவிட்டு இன்னொரு தடவை திருப்பினார்.

"சரி, இன்ஜின் எப்ப ஏறும்?" என்றார்.