விதையில் விளைந்த தற்சார்பு

நுழையும்முன்

விடுதலை பெற்ற பின்னரும் உணவுக்காக அயல்நாட்டுக் கப்பல்களை எதிர்நோக்கிய காலம் ஒன்று இந்தியாவிற்கு இருந்தது. அந்நிலையை மாற்றத் துணிந்த கொங்குநாட்டுத் தலைவர் ஒருவரின் வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் பொதுவாழ்வும்

சி. சுப்பிரமணியம் 1910ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். பின்னர்ச் சட்டம் கற்றுக் கோவையில் வழக்கறிஞரானார். நாட்டு விடுதலைக்காகச் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக விளங்கினார். 1952 முதல் 1962 வரை சென்னை மாநில அமைச்சராக நிதி, கல்வி முதலிய துறைகளைக் கவனித்தார். காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவுத் திட்டம் பரவியபோது கல்வி அமைச்சராக இருந்தவர் இவரே.

பசியை எதிர்கொண்ட துணிவு

1964இல் லால் பகதூர் சாஸ்திரி அமைச்சரவையில் உணவு, வேளாண்மைத் துறைப் பொறுப்பை ஏற்றார். 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தொடர்ந்து பருவமழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமை வந்தால்தான் பங்கீட்டுக் கடைகளில் உணவு கிடைக்கும் என்னும் நிலை ஏற்பட்டது. மிகுந்த விளைச்சல் தரும் மெக்சிகோ நாட்டுக் குட்டை இரகக் கோதுமையே தீர்வு எனச் சுப்பிரமணியம் கருதினார். கோவை வேளாண் கல்லூரியில் பயின்ற எம். எஸ். சுவாமிநாதன் உள்ளிட்ட அறிவியலாளர்கள் அவருக்குத் துணைநின்றனர்.

எதிர்ப்புகள் பல எழுந்தன. அயல்நாட்டு விதை நம் மண்ணுக்கு ஒவ்வாது என்றனர் சிலர். உரம் வாங்குவதில் அந்நியச் செலாவணி கரையும் என்றனர் வேறு சிலர். அவர் சொல்லால் மட்டும் விடை கூறவில்லை. உழவர்களின் வயல்களிலேயே செயல்விளக்கத் திடல்கள் அமைக்கச் செய்தார். தில்லியில் தாம் வாழ்ந்த இல்லத்தின் புல்வெளியையும் உழுது கோதுமை விதைத்தார். 1966இல் 18,000 டன் விதை இறக்குமதியாயிற்று.

பதவியும் பணியும்

1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் கொந்தளித்தபோது, அவர் தம் அமைச்சர் பதவியைத் துறக்க முன்வந்து விலகல் கடிதம் அளித்தார். ஆங்கிலம் தொடரும் எனத் தலைமை அமைச்சர் உறுதியளித்த பின்னர்ப் பணியைத் தொடர்ந்தார். 1967 தேர்தலில் கோபிச்செட்டிப்பாளையம் தொகுதியில் தோல்வியுற்றார். அவர் பதவியில் இல்லாத 1968இல்தான் விதைத்ததன் பயன் முழுமையாகப் புலப்பட்டது. 1965இல் ஏறத்தாழ 123 இலட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், அவ்வாண்டில் 165 இலட்சம் டன்னாக உயர்ந்தது.

பசுமைப் புரட்சியால் நிலத்தடி நீர் குறைந்ததும், வேதியுரத்தால் மண்வளம் நலிந்ததும் இன்று உணரப்படுகின்றன. அவற்றைச் சீர்செய்வது அடுத்த தலைமுறையின் கடமை. எனினும், உணவுக்காகப் பிறர் கையை எதிர்பாராத நிலையிலிருந்து அக்கடமையைத் தொடங்க முடிவது அவரது துணிவின் பயனே.

1998இல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், 2000ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் மறைந்தார்.

தெரிந்து தெளிவோம்

மெக்சிகோ கோதுமையின் குட்டைத்தன்மை, நோரின் 10 என்னும் சப்பானியக் கோதுமை இரகத்திலிருந்து பெறப்பட்டது. தாள் குட்டையாகவும் உறுதியாகவும் இருப்பதால், கதிர் முற்றிக் கனத்தாலும் பயிர் சாய்வதில்லை.